டி.என்.ஏ. தடயச் சோதனை

ரத்தம், விந்து, எச்சில், வேரோடு கூடிய முடி முதலியவற்றின் மரபணுக் கூறுகளை ஒப்பிட்டு ஆளை அடையாளம் காணும் தடய அறிவியல் முறை. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்தார். இந்தியாவில் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் வளர்த்தெடுத்தார்.

தமிழ்நாட்டில் பெரிதும் பேசப்பட்டது, விராலிமலை அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா மீதான பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கு. பாதிக்கப்பட்ட பெண் ஒருவரின் கலைக்கப்பட்ட கருவைச் சோதித்த ஐதராபாத் மையம், அதன் தந்தை பிரேமானந்தாவே என்றது. எதிர்த்தரப்பு வெளிநாட்டு நிபுணரைச் சாட்சியாக நிறுத்தியும், புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் அச்சான்றை ஏற்று 1997இல் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஒரே கருவில் உருவான இரட்டையரை வழக்கமான சோதனை பிரித்தறியாது.