‘நிறம் பார்ப்பதில்லை’: அமெரிக்கப் பள்ளி ஒருங்கிணைப்பும் அதைத் தடுத்த சொற்களும்

அரசுப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்களையும் வெள்ளையின மாணவர்களையும் பிரித்துவைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 1954 மே 17 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். ‘பிரவுன் எதிர் கல்வி வாரியம்’ என்று அறியப்படும் இத்தீர்ப்பு, 1896ஆம் ஆண்டு ‘பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன்’ வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்றிருந்த ‘பிரித்தாலும் சமமே’ என்னும் கோட்பாட்டைக் கல்வித் துறையிலிருந்து அகற்றியது. அதன்பின் இனப் பிரிவினையை வெளிப்படையாக ஆதரிக்கும் பேச்சு பொதுவெளியில் மெல்ல மெல்லக் குறைந்தது. பிரிவினையோ புதிய சொற்களின் துணையோடு நீடித்தது. அச்சொற்கள் எவை, அவை எவற்றை மறைத்தன என்பதை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

‘மாநில உரிமை’

பிரவுன் தீர்ப்பு நடைமுறைக்குக் காலக்கெடு எதையும் விதிக்கவில்லை. 1955இல் வெளிவந்த இரண்டாம் தீர்ப்பும் ‘உரிய நிதானத்துடன் கூடிய விரைவு’ என்று மட்டுமே கூறியது. தென் மாநிலங்கள் விரைவை விட்டு நிதானத்தைப் பற்றிக்கொண்டன. 1956இல் தென்பகுதியைச் சேர்ந்த ஏறத்தாழ நூறு நாடாளுமன்ற உறுப்பினர்கள் ‘தெற்கு அறிக்கை’ எனப்படும் ஆவணத்தில் கையொப்பமிட்டனர். நீதிமன்றம் தன் அதிகார எல்லையை மீறிவிட்டது, மாநிலங்களின் உரிமை பறிபோகிறது என்பதே அவர்களது வாதம்.

அந்த உரிமை எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் சான்று. அங்கே 1951இல் பார்பரா ஜான்ஸ் என்னும் 16 வயது மாணவியின் தலைமையில் கறுப்பின மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அப்போராட்டத்திலிருந்து எழுந்த வழக்கு, பிரவுன் தீர்ப்பில் இணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளுள் ஒன்று. மாணவர்களைச் சேர்த்துப் படிக்கவைக்க ஆணை வந்தபோது, மாவட்ட நிர்வாகம் 1959இல் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டது. வெள்ளையினக் குழந்தைகள் தனியார் பள்ளிக்குச் சென்றனர்; அதற்குப் பொதுப்பணமும் உதவியது. அரசுப் பள்ளிகள் 1964இல்தான் மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் கறுப்பினக் குழந்தைகளுள் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் முறையான கல்வியின்றி விடப்பட்டனர்.

‘ஒருங்கிணைப்பு’

1963–64 கல்வியாண்டில் தெற்கின் 11 மாநிலங்களில் வெள்ளையினத்தவருடன் சேர்ந்து பயின்ற கறுப்பின மாணவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. பாகுபாடு காட்டும் நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசின் நிதியை நிறுத்த வழிசெய்த 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்திற்குப் பிறகே நிலைமை மாறியது. 1988 அளவில் தெற்கில் வெள்ளையினத்தவர் பெரும்பான்மையாக உள்ள பள்ளிகளில் பயின்ற கறுப்பின மாணவர்கள் 43 விழுக்காட்டைத் தாண்டினர்.

இம்மாற்றத்தின் விலையைக் கறுப்பின மக்களே பெரிதும் செலுத்தினர். இரு பள்ளிகளை இணைக்கும்போது மூடப்பட்டது பெரும்பாலும் கறுப்பினப் பள்ளியே. 1954 முதல் 1965 வரை 17 மாநிலங்களில் 38,000க்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் பணியிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. ‘ஒருங்கிணைப்பு’ என்னும் சொல் இரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் நோக்கி நடந்து வருவது போன்ற தோற்றத்தைத் தருகிறது. நடைமுறையில் ஒரு தரப்பார் தம் நிறுவனங்களை இழந்து மறுதரப்பாரின் கட்டடத்திற்குள் நுழைந்தனர்.

‘கட்டாயப் பேருந்து’

ஒருங்கிணைப்புக்காக மாணவர்களைப் பேருந்தில் வேற்றுப் பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பலாம் என்று 1971இல் ‘ஸ்வான்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. எதிர்ப்பாளர்கள் இதற்குக் ‘கட்டாயப் பேருந்து’ எனப் பெயரிட்டனர். 1974இல் வடக்கு நகரமான பாஸ்டனில் கறுப்பினக் குழந்தைகள் சென்ற பேருந்துகள் மீது கற்கள் வீசப்பட்டன. எனினும் விவாதம் ‘அண்மைப் பள்ளி’, ‘பெற்றோரின் விருப்பம்’ ஆகிய சொற்களிலேயே நடைபெற்றது.

பேருந்து புதியதன்று. பிரவுன் வழக்கிற்குப் பெயர் தந்த குடும்பத்தின் சிறுமி லிண்டா பிரவுன், வீட்டிற்கு அருகே வெள்ளையினப் பள்ளி இருந்தும், தொலைவிலிருந்த கறுப்பினப் பள்ளிக்குப் பேருந்தில் செல்ல வேண்டியிருந்தது. பிரிவினைக்காகக் குழந்தைகள் பயணம் செய்தபோது அதை எவரும் கட்டாயம் என்று அழைக்கவில்லை.

‘அறிய இயலாத காரணங்கள்’

1974இல் ‘மில்லிகன் எதிர் பிராட்லி’ வழக்கில், டெட்ராய்ட் நகரின் ஒருங்கிணைப்புத் திட்டத்தில் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களைச் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நகரப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையானதற்கான காரணங்கள் அறியப்படாதவை, ஒருவேளை அறியவே இயலாதவை என்று பெரும்பான்மைத் தரப்பு நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதினார்.

காரணங்களுக்கோ ஆவணச் சான்று உண்டு. 1934இல் தொடங்கப்பட்ட ஒன்றிய வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் அளிக்க மறுத்தது. டெட்ராய்ட்டிலேயே, அந்த உத்தரவாதத்தைப் பெறுவதற்காக ஒரு மனை வணிகர் 1941இல் கறுப்பினக் குடியிருப்பின் ஓரமாக ஏறத்தாழ அரை மைல் நீளச் சுவர் ஒன்றை எழுப்பினார். அச்சுவர் இன்றும் நிற்கிறது.

‘நிறம் பாராமை’

அமெரிக்க அரசியலமைப்பு நிறம் பார்ப்பதில்லை என்னும் கருத்தை 1896இல் பிளெஸ்ஸி வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் முன்வைத்தார். அன்று அது பிரிவினைக்கு எதிரான வாதம். 2007இல் சியாட்டில், லூயிவில் நகரங்கள் தாமாக முன்வந்து வகுத்த ஒருங்கிணைப்புத் திட்டங்களை, மாணவரின் இனத்தைக் கணக்கில் கொள்கின்றன என்பதற்காக உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2023இல் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதும் முறையையும் அது செல்லாததாக்கியது. பிரிவினையை உடைக்கப் பிறந்த சொல், அதைச் சரிசெய்யும் முயற்சிகளைத் தடுக்கும் கருவியாயிற்று.

அம்பேத்கரின் ஒப்பீடு

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அண்ணல் அம்பேத்கர், 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாதோரின் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையை அதில் சுட்டி, கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டிருந்தார். டுபாய்ஸும் பரிவோடு பதில் எழுதினார்.

சாதியும் இனமும் ஒன்றல்ல. எனினும் ‘நாங்கள் சாதி பார்ப்பதில்லை’ என்னும் கூற்றை அன்றாடம் கேட்கும் நமக்கு இவ்வரலாறு பயன்படும். டெட்ராய்ட்டில் சுவரை எழுப்பியவர் யார், அதற்குக் கடன் உத்தரவாதம் தந்த அரசு எது என்று கேட்டால் விடை கிடைக்கிறது. நம் ஊர்களில் குடியிருப்பும் சுடுகாடும் தனித்தனியாக இருப்பது குறித்தும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்: நிலத்தை யார் ஒதுக்கினார், எந்த ஆணையின் பேரில், எந்த ஆண்டில்?