முறத்தில் பூசிய கூழும் குளிர்கிடங்குப் பெட்டியும்

குளிர்கிடங்கில் அட்டைப்பெட்டி தோற்பது குளிரால் அல்ல, ஈரத்தால். காய்கனி வாடாமலிருக்கக் கிடங்குக் காற்றின் ஈரப்பதத்தை 85 முதல் 95 சதவீதம் வரை வைக்கிறார்கள். அந்த ஈரத்தைக் குடித்துக் காகித நார் ஊதுகிறது, நாருக்கு நார் உள்ள பிடி தளர்கிறது. 50 சதவீத ஈரப்பதத்தில் தாங்கிய பாரத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் 90 சதவீதத்தில் அட்டை தாங்கும். அடுக்கின் அடிப்பெட்டி புடைத்து மடிந்தால் மேலே உள்ள சரக்கும் நசுங்குகிறது. இதற்கு மருந்தாக வந்திருக்கும் நானோ பூச்சைப் பலர் முற்றிலும் புதிய வித்தையாகவே பார்க்கிறார்கள். துளையுள்ள கலத்தைப் பூச்சால் காக்கும் பழைய தொழிலின் தொடர்ச்சி அது என்பதே என் வாதம்.

சான்று தொலைவில் இல்லை. புதுச்சேரியில், சங்கராபரணி ஆற்றிலிருந்து பிரியும் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாட்டு ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. சுட்ட மண் கசியும் என்பதால் மதுச் சாடிகளின் உட்புறத்தில் பைன் மரப் பிசினைக் காய்ச்சிப் பூசுவது அக்கால வழக்கம். நம் வீடுகளின் வழக்கம் இதைவிட நுட்பமானது. பழைய காகிதத்தை ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, அந்தக் கூழை மூங்கில் முறத்திலும் கூடையிலும் வழித்துப் பூசி வெயிலில் காயவைப்பார்கள். காகித நார் இடுக்குகளை அடைக்கும், வெந்தயத்தின் பசை அதை மூங்கிலோடு பிணைக்கும். மாவு சிந்தாது, பூச்சியும் எளிதில் ஏறாது. இன்றைய நானோ செல்லுலோஸ் பூச்சும் அதே காகித நார்தான். ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு தடிமன் வரை பிரிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

முறத்துக்கு ஈரக் கிடங்கு கிடையாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செல்லுலோஸ் தானே நீரை விரும்பும் பொருள். தனியாகப் பூசினால் அதுவும் ஊதிவிடும். ஆகவேதான் அதோடு நானோ களிமண்ணைக் கலக்கிறார்கள். ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள அதன் தகடுகள் அடுக்கடுக்காகப் படிவதால் நீராவி வளைந்து வளைந்து நெடுவழி போக வேண்டியிருக்கிறது. மெழுகு போதாதா என்பது அடுத்த கேள்வி. மெழுகில் தோய்த்த பெட்டி ஈரத்தை நன்றாகவே தாங்கும்; ஆனால் கூழாக்கும் தொட்டியில் கரையாமல் நின்று, பழைய பேப்பர் கடைக்கும் ஆகாமல் குப்பைக்குப் போகிறது. இமாசலத்தில் ஆப்பிளுக்கு மரப்பெட்டி செய்யக் காடு அழிந்ததால்தான் அட்டைப்பெட்டிக்கு மாறினார்கள். அந்த அட்டையும் மறுசுழற்சிக்கு உதவாமல் போனால் மாறியதன் நோக்கமே கெடும்.

நானோத் துகள் உணவில் கலக்குமோ என்ற அச்சம்தான் கனமானது. வெள்ளி, துத்தநாக ஆக்சைடு போன்றவை கலந்த பூச்சு உணவைத் தொடும் பக்கத்தில் இருந்தால், எவ்வளவு இடம்பெயர்கிறது என்று சோதிக்காமல் சந்தைக்கு விடக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் எல்லா நானோப் பொருளும் உலோகமல்ல. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடும் இலங்கை ஆய்வாளர்களோடும் சேர்ந்து மாம்பழத்துக்காகச் செய்த ஆய்வில், தாவரங்களே உண்டாக்கும் ஹெக்சனாலை எடுத்துக்கொண்டது. பழத்தின் செல் சவ்வைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. நானோ இழையில் ஏற்றிப் பெட்டிக்குள் வைத்தால் ஆவி மெல்ல மெல்ல வெளிப்பட்டு, பழம் கனிந்து குழைவதைத் தள்ளிப்போடுகிறது.