கொடிக்காலுக்குத் தண்ணீர்

நாஞ்சில் நாட்டின் தண்ணீர் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நெல்லைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. பறளியாற்றுத் தண்ணீரைப் பழையாற்றுப் பக்கம் கொண்டுவந்த பாண்டியன் கால், ஊர் ஊராக வெட்டிய குளங்கள், அனந்தனாறு, தோவாளைச் சானல் எல்லாமே வயலுக்காக வந்தவை. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணையும் வயலுக்காகக் கட்டியதுதான். அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீரைப் பற்றிய பேச்சு வயலோடு முடிந்ததில்லை. பாட்டாவுக்குக் குளத்தங்கரையை ஒட்டி ஒரு சின்னக் கொடிக்கால் இருந்தது. வெற்றிலைத் தோட்டத்தைத்தான் கொடிக்கால் என்போம். நெல்லும் வெற்றிலையும் ஒரே தண்ணீரைக் குடித்தாலும் இரண்டின் நாள்காட்டியும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

நெல்லுக்கு இங்கே இரண்டு பூ. புரட்டாசியில், அதாவது கன்னி மாதத்தில் அறுப்பது கன்னிப்பூ. மாசியில், கும்ப மாதத்தில் அறுப்பது கும்பப்பூ. அணையை வழக்கமாக ஜூன் மாதம் திறந்து பிப்ரவரிக் கடைசியில் அடைப்பார்கள். கும்பப்பூ அறுப்பு முடிந்தால் வயல் வெடித்துக் கிடக்கலாம், மாடு மேயலாம். யாருக்கும் கவலை இல்லை.

வெற்றிலை அப்படி இல்லை. ஒரு முறை நட்டால் சில வருடம் நின்று இலை தரும் கொடி. அறுத்து முடித்தோம், ஓய்வு என்ற பேச்சே கிடையாது. வேர் ஆழமாகப் போகாது. மேல் மண் காய்ந்தால் இலை சுருங்கிவிடும். சானல் அடைத்த பிறகு வரும் பங்குனி, சித்திரைதான் அதற்குப் பெரிய சோதனை. குளமும் அடியைத் தொட்டிருக்கும். அப்போது கிணறு ஒன்றே கதி. அதனால் கிணறோ, வற்றாத ஊற்றோ இல்லாதவர்கள் கொடிக்கால் போட யோசிப்பார்கள். அரசாங்கம் திறந்து அடைக்கும் தண்ணீரை நம்பி நெல் போடலாம், வெற்றிலை போட முடியாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாவட்டம் திருவனந்தபுரத்தை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆட்சி மாறினாலும் அணை திறப்பதும் அடைப்பதும் நெல்லைப் பார்த்துத்தான்.

எங்கள் கொடிக்காலில் வேனலில் தண்ணீர் இறைக்க ஒருவர் வருவார். நாங்கள் பிள்ளைகள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். துலா மிதித்து இறைத்த தண்ணீர் பாத்திகளுக்கு நடுவே உள்ள ஓடையில் நிற்கும். அவர் ஓடைக்குள் இறங்கி, பனையோலைப் பட்டையால் கோரி இரண்டு பக்கமும் வீசுவார். கொடியின் மேல் அடிக்காமல் தூரில் மட்டும் விழும். புதிதாக நட்ட துண்டுகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். வேர் பிடித்த கொடிக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. அண்ணாச்சி பாத்தி மண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்ப்பார். உருண்டை நின்றால் அன்று இறைக்க மாட்டார். பாட்டா சொன்னாலும் இறைக்க மாட்டார். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வீடே பதறும். சித்திரையில் நாலு நாள் தண்ணீர் தவறினால் ஒரு வருடப் பாடு போய்விடும்.

இடவப்பாதி வந்ததும் நிலைமை தலைகீழ். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கிடைக்கிற மாவட்டம் இது. நெல்லுக்கு அது வரம். கொடிக்காலுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் ஆபத்து. தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, ஓடையைத் தோண்டி வடிய விடுவதே அப்போது வேலை. நீர் தேங்கினால் வாடல் நோய். தூர் கறுத்து அழுகும், மேலே பச்சையாக நின்ற கொடி சில நாளில் தொங்கிவிடும்.

இந்த நோய்க்குக் காரணம் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். வெற்றிலையின் உறவான மிளகுக்கொடியையும் அழிப்பது இந்த இனம்தான். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுக வைத்து, பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் சாகக் காரணமானதும் இதன் பங்காளிதான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை 1880-களில் பிரான்சில் திராட்சைக்காக வந்தது. பின்னாளில் நம் கொடிக்கால்களுக்கும் அதுவே மருந்தானது. ஆனால் அதற்கெல்லாம் முன்பே ‘மழைக்காலத்தில் தண்ணி விடாதே, வடிய விடு’ என்று கொடிக்கால்காரர்களுக்குத் தெரியும். குளிர்ந்த மாதங்களில் பாசனத்தைக் குறைக்கச் சொல்வதுதான் இன்றைய வேளாண்மைத் துறையின் அறிவுரையும்.

இந்த அறிவு எவ்வளவு பழையது என்று யோசித்துப் பார்க்கலாம். சிலப்பதிகாரத்தில் கோவலன் சாப்பிட்டு முடித்ததும் கண்ணகி வெற்றிலை பாக்கு கொடுக்கிறாள். 14-ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதா, வெற்றிலையைத் திராட்சைக்கொடி போலப் பந்தலிலும் தென்னை மரத்திலும் ஏற்றி வளர்க்கிறார்கள் என்று எழுதி வைத்தார். அத்தனை நூற்றாண்டுகளும் யாரோ ஒருவர் கோடையில் கோரி ஊற்றியிருக்கிறார், மழையில் வடிய விட்டிருக்கிறார். அணை கட்டியவர் பெயர் நமக்குத் தெரிகிறது. பட்டையைப் பிடித்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

எங்கள் கொடிக்கால் தண்ணீர் இல்லாமல் அழியவில்லை. கிணற்றில் மோட்டார் வைத்த பிறகு தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. அண்ணாச்சிக்கு வயதானது. அவர் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். போனது நல்லதுதான், வெயிலில் ஓடைக்குள் நாள் முழுக்க நிற்கிற பாடு அவர்களுக்கு எதற்கு? மோட்டார் தண்ணீரைப் பாய்ச்சியது, ஆனால் மண்ணை உருட்டிப் பார்க்க ஆள் இல்லை. ஒரு கார்த்திகையில் பாதிக் கொடி வாடியது. அடுத்த வருடம் அந்த இடத்தில் வாழை வைத்தார்கள்.

2023-ல் தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் வெற்றிலைக்கும் சோழவந்தான் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மாவட்டத்து மட்டி வாழைக்கும் அதே வருடம்தான். எனக்கு இரண்டிலும் சந்தோஷமே. ஆத்தூரிலும் சோழவந்தானிலும் அந்த வேலை தெரிந்த கைகள் இன்னும் இருப்பதால்தான் அந்தப் பெயர் நிலைக்கிறது.

வீட்டுப் பின்புறம் கமுகிலோ முருங்கையிலோ ஒரு கொடி ஏற்றியிருக்கிறவர்களுக்கு அண்ணாச்சியின் வழியையே சொல்கிறேன். வேனலில் மண்ணை உருட்டிப் பாருங்கள், உதிர்ந்தால் ஊற்றுங்கள். ஐப்பசி பிறந்தால் வாளியை எடுத்து வைத்துவிட்டு, தூரில் தண்ணீர் நிற்காமல் ஒரு சாலை வெட்டி விடுங்கள்.