காட்டுக்குள் ஒரு ரயில் பாதை

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் போனால் பரம்பிக்குளம். கேரளாவில் இருக்கும் இந்தக் காட்டில், மூடுபனிக்கும் புதருக்கும் நடுவே ஒரு பழைய ரயில் பாதையின் தடம் மறைந்திருக்கிறது.

அன்றைய கொச்சி சமஸ்தானம் 1907-இல் திறந்த காட்டு டிராம்வே அது. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர். தேக்கும் ஈட்டியும் இதில்தான் மலையிறங்கின.

செங்குத்தான சரிவில் எஞ்சின் ஏறாது. அதற்கு ஒரு எளிய வழி கண்டார்கள். கம்பி வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரம் கீழே இறங்க இறங்க, காலி வண்டி மேலே ஏறும். அடுத்த மரங்களை ஏற்றிக்கொள்ள! அதாவது, வெட்டிய மரத்தின் எடையே அடுத்த மரத்தை வெளியே கொண்டுபோக உதவியது.

ஆண்டுகள் செல்லச் செல்ல நஷ்டம் கூடியது. 1963-இல் பாதை மூடப்பட்டது. 2010-இல் பரம்பிக்குளம் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆறு மீட்டருக்கும் மேல் சுற்றளவுள்ள கன்னிமாரா தேக்கு இன்றும் அங்கே நிற்கிறது. வண்டியேறிப் போன மரங்களும் இப்படித்தானே நின்றிருக்கும்?