வேடிக்கை பார்த்தவர்களும் வாங்கியவர்களும்

ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு உடம்பை அடியோடு மாற்றி, புது மாடல் என்று இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் எத்தனை விற்கும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லித்தான் டெட்ராய்ட் பக்கம் நிறைய பேர் சம்பளம் வாங்குகிறார்கள். அடியேனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். காரை இல்லை, காருக்குள்ளே போகிற சில்லறைச் சாமான்களைக் கணக்குப் போடுகிறவன். கார்க்காரர்கள் ஒரு லட்சம் என்று சொல்லிவிட்டு அறுபதாயிரம் விற்றால், மிச்ச நாற்பதாயிரத்துக்கான சாமான் எங்கள் கிடங்கில் தூங்கும். அதனால் இந்த ஊகக் கணக்குகளின் பழைய கதைகளைத் தோண்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அப்படித் தோண்டிக்கொண்டே போனதில், கடைசியில் எங்கள் சித்தூர் ரோட்டுக்கே வந்து நின்றேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் டெட்ராய்டில் ஆரம்பித்தால்தான் அது புரியும்.

1957 செப்டம்பர் 4. ஃபோர்டு கம்பெனி எட்ஸெல் என்ற காரை அமெரிக்கா முழுக்க ஒரே நாளில் கடைகளில் திறந்து வைத்தது. ஷோரூம்களுக்கு வந்து பார்த்தவர்கள் மட்டும் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல். திருவிழாக் கூட்டம்! முதல் வருடம் இரண்டு லட்சம் வண்டி என்பது கம்பெனியின் கணக்கு. விற்றது 63 ஆயிரம் சொச்சம். 1959 நவம்பரில் கடையைக் கட்டினார்கள். எட்ஸெலுக்கு ஆராய்ச்சி பண்ணாமல் இல்லை, மூட்டை மூட்டையாகப் பண்ணினார்கள். ஆனால் மக்களிடம் போய்க் கேட்டது 1955-ஐ ஒட்டிய கொழுத்த வருடங்களில். வண்டி வந்ததோ 1957-ன் மந்தத்தில். அது போகட்டும், எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இருபத்தைந்து லட்சம்தான். வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

ஏழு வருடம் கழித்து அதே கம்பெனி மஸ்டாங்கைக் கொண்டுவந்தபோது சூடுபட்ட பூனையாக இருந்தது. லீ அயகோக்கா தன் சுயசரிதையில் ஒரு சம்பவம் சொல்கிறார். டெட்ராய்ட் பக்கத்து நடுத்தரக் குடும்பங்களிலிருந்து 52 தம்பதிகளை அழைத்துக் காரைக் காட்டினார்களாம். அழகாக இருக்கிறது, ஆனால் நமக்கெல்லாம் சரிப்படாது என்றுதான் பலரும் முதலில் சொல்லியிருக்கிறார்கள். விலை என்ன இருக்கும் என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாரும் உண்மை விலையைவிட ஆயிரம் டாலராவது கூட்டிச் சொன்னார்கள். உண்மை விலையைச் சொன்னதும் திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்த்தார்கள். அப்புறம் அதே வாய்கள், ஏன் வாங்கலாம் என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஆரம்பித்தன. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கார் மாறவில்லை, பார்த்த கண்ணும் மாறவில்லை. விலையைச் சொன்னவுடன் வேடிக்கை பார்க்கிறவர் வாங்குகிறவராக மாறிவிட்டார்.

1964 ஏப்ரல் 17-ல் 2,368 டாலருக்கு மஸ்டாங் வந்தது. முதல் நாளே 22,000 ஆர்டர். ஒரு லட்சம் விற்கும் என்று ஆரம்பத்தில் பேசிக்கொண்டிருந்த வண்டி முதல் வருடத்தில் நாலு லட்சத்தைத் தாண்டியது. ஆக, பயந்து போட்ட கணக்கும் தப்பு!

அந்த மஸ்டாங்கையே சின்னதாக்கி, பிண்ட்டோ என்ற குட்டிக் காரை அடிப்படையாக வைத்து, 1973 இலையுதிர் காலத்தில் இரண்டாம் மாடலாக இறக்கினார்கள். கார்ப் பிரியர்கள் இன்றுவரை அதைத் திட்டுகிறார்கள். ஆனால் 1974 மாடல் மூன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல் விற்றது. காரணம், வண்டி கடைக்கு வந்த சில வாரங்களில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடிவிட்டன. வரைந்தவனுக்கோ கணக்குப் போட்டவனுக்கோ அந்தப் புண்ணியத்தில் பங்கு கிடையாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

எங்கள் சித்தூர் பெங்களூருக்கும் மெட்ராஸுக்கும் நடுவே, பழைய நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. ராணிப்பேட்டையைத் தாண்டி சித்தூர், அப்புறம் பலமநேர், முளுபாகல், கோலார் என்று போகும் அந்த ரோடு. திருப்பதிக்குப் போகிறவர்களும் பெங்களூரிலிருந்து வந்தால் இங்கேதான் திரும்புவார்கள். புதுக் கார் வாங்கினால் திருப்பதிக்குக் கொண்டுபோய் மாலை போட்டு, குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவது தெற்கே பாதிப் பேருக்குப் பழக்கம். அதனால் சித்தூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலே போதும், தென்னிந்தியாவில் யார் என்ன புதுக் கார் வாங்கினார்கள் என்பது தெரிந்துவிடும். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கண்ணில் கார். எங்கள் பால்யம் இப்படித்தான் போனது.

1986 வாக்கில் ஒரு நாள், பெங்களூர் ரோட்டில் ஒரு ஓட்டல் வாசலில் கூட்டம். நடுவில் ஒரு ஸ்டாண்டர்டு 2000. தாழ்ந்த மூக்கு, சரிந்த முதுகு, பின்னால் முழுசாகத் திறக்கும் கதவு. அம்பாஸடரும் ஃபியட்டும் தவிர வேறு ஜாதி பார்க்காத எங்களுக்கு அது விமானம். வெல்ல மண்டியிலிருந்து வந்துகொண்டிருந்த என் நைனாவும் நின்றார். கூட்டத்தில் ஒருவர், "இன்னா சார் மைலேஜ் குடுக்குது?" என்று கேட்டார். கார்க்காரர் சிரித்துவிட்டு, "அத மட்டும் கேக்காதீங்கண்ணா" என்றார். "நைனா, நாமளும் ஒண்ணு வாங்கலாமா?" என்றேன். "வேடிக்க பாக்கறதுக்குக் காசு வாணாம்டா, நல்லா பாத்துக்கோ" என்றார்.

அந்தக் காரின் பூர்வீகம் பெரிய இடம். பிரிட்டனின் ரோவர் எஸ்டி1, டேவிட் பேச் வடிவமைத்தது, ஃபெராரி டேடோனாவின் சாயலை மனதில் வைத்து வரைந்தது. 1976-ல் வந்து, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை வாங்கியது. மூன்றரை லிட்டர் வி8 எஞ்சின். அங்கே போலீஸ்காரர்களுக்குச் செல்ல வண்டி. இதைத்தான் மெட்ராஸை அடுத்த வண்டலூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் 1985-ல் இங்கே இறக்கியது. ஐம்பதுகளில் வான்கார்டு, அறுபதுகளில் ஹெரால்டு, எழுபதுகளில் கெஸல் என்று கார் செய்த கம்பெனி அது. எழுபதுகளின் கடைசியில் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டு வேன் மட்டும் செய்துகொண்டிருந்தது. திரும்ப வரும்போது தடாலடியாக வர வேண்டும் என்று நினைத்ததில் தப்பில்லை. ஆனால் உடம்பு ரோவர், எஞ்சின் வான்கார்டு காலத்து இரண்டு லிட்டர்! 83 குதிரை சக்தி, நாலு கியர். நம் ரோட்டுக்காக உடம்பைக் கொஞ்சம் தூக்கியும் வைத்தார்கள். திருமலை ஏற்றத்தில் அந்த கனத்தை அந்த எஞ்சின் இழுப்பதை யோசித்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது :-)

அன்றைய சந்தையைப் பார்த்தால், இந்தக் கார் விற்கும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஏனென்றால் அன்று எதற்கும் வரிசை இருந்தது. ஃபியட்டுக்கு வருடக்கணக்கில் வரிசை, பஜாஜ் ஸ்கூட்டருக்கு வரிசை, ஃபோனுக்கு வரிசை. 1983-ல் மாருதிக்குப் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். காருக்கு இந்த நாட்டில் இவ்வளவு பசி என்றால், உயர்ந்த ரகக் காருக்கும் பசி இருக்காதா?

இங்கேதான் சூட்சுமம். திருமலையில் வரிசையைப் பார்த்து லட்டுக்குக் கணக்குப் போடலாம், தப்பாது. கம்பார்ட்மெண்டில் உட்கார்ந்திருக்கிறவர் தரிசனம் முடிந்து லட்டு வாங்காமல் மலை இறங்க மாட்டார். ஆனால் லைசென்ஸ் ராஜ்யத்தின் கார் வரிசை அப்படிப்பட்டது இல்லை. எத்தனை கார் செய்யலாம் என்பதை டில்லி லைசென்ஸில் எழுதிக் கொடுத்த காலம் அது. சரக்கு குறைவு, அதனால் வரிசை. கைக்கு வந்த வண்டியை மறுநாளே பிரீமியம் வைத்து விற்கலாம் என்று பதிவு செய்தவர்களும் அதில் உண்டு. ஃபியட்டுக்காக நின்றவர் ஃபியட்டின் மேல் ஆசைப்பட்டு நிற்கவில்லை, வேறு இல்லாமல் நின்றார். மாருதி வந்ததும் 47,500 ரூபாய் வண்டிக்கு வரிசை மாறினார். இரண்டு லட்சத்துக்கு மேல் போன ஸ்டாண்டர்டு 2000 பக்கம் அவர் திரும்பவே இல்லை. அந்த விலைக்கு மூன்று மாருதி வாங்கி, பெண்ணுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று கொடுக்கலாமே.

அந்த விலையைக் கொடுக்கக்கூடியவர்கள் கொஞ்சப் பேர் இருந்தார்கள்தான். அவர்களுக்கும் 1984-ல் வந்த கான்டெஸா, 1985-ல் வந்த பிரீமியர் 118என்இ என்று வேறு வழிகள் இருந்தன. கான்டெஸாவும் வெளிநாட்டு உடம்பில் பழைய ஒன்றரை லிட்டர் எஞ்சினைச் செருகிய கதைதான். ஆனால் அவர்கள் சில வருடத்தில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினைப் போட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். பிரீமியரில் நிஸான் எஞ்சின். ஸ்டாண்டர்டுக்கு அந்த வாய்ப்பும் அமையவில்லை. எரிபொருள் சிக்கனம் பற்றிக் கம்பெனி சொன்ன கணக்கு பொய் என்று மத்திய அரசின் போக்குவரத்துத் துறையும் சுங்க, கலால் துறையும் குற்றம் சாட்டின. 1988-ல் தயாரிப்பு நின்றது. மூன்றே வருடம்.

கணித முறையில் இதைப் பிடிக்க முடியாதா என்று கேட்பீர்கள். 1969-ல் ஃபிராங்க் பாஸ் என்ற பேராசிரியர் ஒரு சமன்பாடு எழுதினார். புதுப் பொருளை முதலில் சிலர் தானாக வாங்குவார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்து வாங்குவார்கள். அமெரிக்காவில் கலர் டிவி விற்பனை 1968-ல் உச்சத்தைத் தொட்டு இறங்கும் என்று அதை வைத்துச் சொன்னார், பலித்தது. ஃபிரிட்ஜ், டிவிக்கெல்லாம் இது அருமையாக வேலை செய்யும். ஸ்போர்ட்ஸ் காரில் காலை வாரும். எதிர்வீட்டுக்காரன் வாங்கினால் நானும் வாங்க வேண்டும் என்பது டிவிக்குச் சரி. ஸ்போர்ட்ஸ் காரில் எதிர்வீட்டுக்காரனும் அதையே வாங்கிவிட்டால் பாதி சுகம் போச்சு! அதனால் அதன் விற்பனை முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே உச்சத்துக்குப் போய் மளமளவென்று சரியும். உடம்பை மாற்றினால் திரும்ப ஒரு ஏற்றம் வரும். அந்த ஏற்றத்தை வைத்துத் தொழிற்சாலையைப் பெரிதாக்கினால் கதை முடிந்தது.

நேர்மாறான உதாரணமும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டாண்டர்டு 2000 வந்த அதே 1985-ல் திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரி கம்பெனி ஆரம்பமானது. 2000-ல் அவர்களுடைய அமரான் வந்தது. பேட்டரிக்காரனுக்கு அழகு, ஆசை, அந்தஸ்து எந்தக் கவலையும் இல்லை. மூன்று நாலு வருடத்துக்கு முன் எத்தனை வண்டி விற்றது என்று பார்த்தால், இந்த வருடம் எத்தனை பேட்டரி சாகும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இப்படி ஒரு கணக்கு எனக்கு வாய்த்தால் நான் மதியமே வீட்டுக்குப் போய்விடுவேன்.

இப்போது நிலைமை மாறிவிட்டதா? 2020 அக்டோபர் 2-ல் மஹிந்திரா புது உடம்போடு தார் வண்டியை இறக்கியது. நாலே நாளில் ஒன்பதாயிரம் பதிவு. மாதம் இரண்டாயிரம் என்று போட்டிருந்த தயாரிப்பை மூவாயிரமாக்க வேண்டி வந்தது. ஆசை வண்டிக்குக் கணக்கு தப்பினால் இப்படியும் தப்பும்.

எங்கள் ஜில்லாவிலோ வேறு மாதிரி. கான்டெஸாவுக்கு எஞ்சின் கொடுத்த அதே இசுசு, முதலில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் தொழிற்சாலையில் வண்டி கட்டி, பிறகு 2016 ஏப்ரலில் ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலை திறந்தது. அன்று அது சித்தூர் மாவட்டம், 2022-லிருந்து திருப்பதி மாவட்டம். வருடம் 50,000 வண்டி செய்யக்கூடிய இடம். வி-கிராஸ் என்ற பிக்கப்பை மூட்டை ஏற்ற இல்லை, ஷோக்குக்கு ஓட்டச் சொல்லி விற்றார்கள். போகிற இடமெல்லாம் ஆட்கள் திரும்பிப் பார்த்த வண்டி. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் ஒரு லட்சமாவது வண்டி வெளியே வந்தது 2025-ல்தான். ஊரில் பல பேருக்கு அது வேலை கொடுத்திருக்கிறது, அதனால் குறை சொல்ல மனசு வரவில்லை. என்றாலும் ஒன்பது வருடத்தை ஐம்பதாயிரத்தால் பெருக்கிப் பார்க்காமல் இருக்க என் தொழில் விடமாட்டேன் என்கிறது.

ஸ்டாண்டர்டு கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. வண்டலூர்த் தொழிற்சாலை பல வருடம் பூட்டிக் கிடந்து, 2006-ல் ஏலத்துக்கு வந்தது. உள்ளே பயன்படுத்தாத ரோவர் உதிரி பாகங்கள் மலையாகக் குவிந்திருந்தன. அதை மொத்தமாக வாங்கியது இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ், பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு உதிரி பாகம் விற்கும் கம்பெனி. அங்கே எஸ்டி1 வைத்திருக்கும் பிரியர்கள் அதற்கு விலை கொடுக்கத் தயாராகக் காத்திருந்தார்கள். இருபது வருடம் மெட்ராஸ் வெயிலில் கிடந்த கதவுகளும் பம்பர்களும் கப்பலேறி அங்கே போய்ச் சேர்ந்தன.