உரைகல்லிலிருந்து ஆறு எழுத்து வரை

நம்மவர் வீடுகளில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மண்டபத்துக்கு அடுத்தபடியாக எழும் பேச்சு பவுன்தான். டெல்லி கரோல்பாகில் இருந்தாலும் சரி, மும்பை மாதுங்காவில் இருந்தாலும் சரி, இது மாறவில்லை. மாறியது விலை. 2025 அக்டோபரில் லண்டன் சந்தையில் தங்கம் அவுன்ஸுக்கு 4,000 டாலரைத் தாண்டியது. அதே மாதம் வெள்ளியும் 50 டாலரைத் தாண்டியது. அதற்கு முந்தைய வருஷம், 2024 ஜூலையில், மத்திய அரசு இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது இங்கே விலை ஒரே நாளில் சரிந்தது. இப்படி ஏறி இறங்கும் காலத்தில்தான் தங்க வியாபாரத்தில் கள்ளம் எளிதாகப் புகுகிறது. ஏறும்போது வாங்குபவருக்கு அவசரம்; ரசீதைச் சரிபார்க்கவோ எடையைத் திரும்பப் பார்க்கவோ பொறுமை இருப்பதில்லை. ரசாயனம் படித்தவன் என்ற ஒரே காரணத்தால் உறவினர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. நான் அவர்களுக்கு முதலில் சொல்வது சரித்திரத்தைத்தான். தங்கத்தில் செய்யப்படும் மோசடிகளில் புதியது மிகவும் குறைவு.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நமக்குக் கிடைத்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொடுத்த கிரந்த ஓலைச்சுவடியை ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்து 1909-இல் அச்சிட்டார். அதன் இரண்டாம் அதிகரணத்தில் 13, 14-ஆம் அத்தியாயங்கள் முழுக்க முழுக்கப் பொன் வேலையைப் பற்றியவை. அரசுப் பட்டறையான அக்ஷசாலைக்கு ஒரே வாசல்தான் இருக்க வேண்டும். உள்ளே போகிறவரையும் வெளியே வருகிறவரையும் சோதிக்க வேண்டும். பொன்னின் தரத்தை 16 படிகளாகப் பிரித்து உரைகல்லில் ஒப்பிட வேண்டும். உரைகல்லில் உயர்ந்தது கலிங்கத்துக் கல், அல்லது தபதி நதிக் கல். நிறம் பச்சைப்பயறு போல இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருகிறது. எல்லா உரைகல்லும் நடுநிலையானதல்ல என்கிறார் அவர். சீரான நிறம் காட்டும் கல் வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பொது. யானைத் தோல் போன்று பசுமை கலந்த கல் விற்பவருக்குச் சாதகம். கரடுமுரடாக, நிறம் ஒழுங்கில்லாத கல் வாங்குபவருக்குச் சாதகம். அதாவது சோதிக்கும் கருவி யாருடையது என்பதே முதல் கேள்வி.

14-ஆம் அத்தியாயத்தில் தட்டான் திருடும் வழிகளை ஐந்தாக வகுக்கிறார்: தராசில் ஏமாற்றுவது, பொன்னை எடுத்துவிட்டு வேறு உலோகத்தை வைப்பது, உருக்கும்போது நழுவவிடுவது, மேலே மட்டும் பொன் தகடு போர்த்துவது, கல் பதிக்கும் குழிகளில் வேறு பொருளை அடைப்பது. ஈயத் துண்டை மெழுகு வைத்துப் பொன் தகட்டால் மூடும் வேலைக்குக்கூடத் தனிப் பெயர் இருக்கிறது. விரலில் ஒரு மருந்தைத் தடவிக்கொண்டு உரைத்த கோட்டைத் தொட்டு நல்ல பொன்னையே மட்டமாகக் காட்டும் தந்திரமும் சொல்லப்படுகிறது. இது நம்மிடமிருந்து பழைய நகையை வாங்குகிறவர் செய்யக்கூடியது. கடைசியில் எவற்றைக் கண்டால் விழிப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல்: கையை வேகமாக வீசுவது, பேச்சுக் கொடுப்பது, தலையைச் சொறிவது, மடியைத் தொடுவது, ஈ ஓட்டுவது, தன் உடம்பையே பார்த்துக்கொள்வது. ஈ ஓட்டுவதைக்கூட விடாத அந்த மனிதர் எத்தனை பட்டறைகளில் உட்கார்ந்து பார்த்திருப்பாரோ! இன்று குளிர்சாதனக் கடையில் ஈ இல்லை. அதற்குப் பதிலாகக் காபி வருகிறது, பேச்சு அப்படியே இருக்கிறது.

பவுன் என்றும் சவரன் என்றும் நாம் சொல்வது பிரிட்டிஷ் நாணயத்தின் பெயர். அதன் எடை 7.988 கிராம், 22 காரட். சுத்தத் தங்கம் மட்டும் 7.32 கிராம். நாம் இப்போது பவுனை 8 கிராம் என்று முழு எண்ணாக்கிவிட்டோம். தோலா என்பது 11.664 கிராம். ஆனால் வட இந்தியக் கடைகளில் 10 கிராமையே பேச்சுவாக்கில் தோலா என்று சொல்லும் வழக்கம் உண்டு. வாயால் பேசும் அளவை நம்பாமல் கிராமில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

இனி நம் தலைமுறையின் கதைக்கு வருகிறேன். 1962 சீன யுத்தத்துக்குப் பின் அன்னியச் செலாவணி நெருக்கடி. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்பது அதில் முக்கியமான விதி. 14 காரட் என்றால் நூற்றுக்கு 58.3 பங்குதான் தங்கம். நாடெங்கும் லட்சக்கணக்கான பொற்கொல்லர்கள் தொழிலை இழந்தார்கள். வறுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அந்த 14 காரட் விதி 1966-இல் கைவிடப்பட்டது. பிறகு 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிரந்தரமாக வந்து, 1990-இல்தான் நீக்கப்பட்டது.

இந்த மூன்று வருஷ விதி எங்கள் குடும்பத்தில் ஒரு நியாயமற்ற பழியைப் போட்டது. என் அத்தையின் கல்யாணம் 1964-இல் நடந்தது. தாத்தா சென்னையில் லைசென்ஸ் உள்ள கடையில் நான்கு வளையல் வாங்கிப் போட்டார். 1978-இல் பம்பாயில் அவற்றை மாற்றப் போனபோது கடைக்காரர் உரைத்துப் பார்த்து, பாதிக்குச் சற்று மேல்தான் தங்கம் என்று சொல்லிவிட்டார். "பொண்ணாத்துக்காரா பித்தளையைக் கலந்து குடுத்துட்டா" என்று அத்தையின் மாமியார் சொன்ன வார்த்தை, அதன் பிறகு எந்த விசேஷத்திலும் வேறு வேறு ரூபத்தில் வந்துகொண்டே இருந்தது. தாத்தா அப்போது இல்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஐந்து பெண்களைக் கரையேற்றிய மனிதர். 1998-இல் கிராமத்து வீட்டை விற்கும் சமயம் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். வரி கட்டிய சீட்டுகளுக்கு நடுவே அந்த ரசீது இருந்தது: வளையல் நான்கு, 14 காரட், எடை, விலை, கடையின் லைசென்ஸ் எண். அன்று அந்த விதி ஊரறிந்த விஷயமாக இருந்ததால், தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அத்திம்பேரிடம் ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "அம்மா இருக்கறச்சே இது கிடைச்சிருக்கப்படாதா" என்றார். அத்தை ஒன்றும் பேசவில்லை. ரசீதை வாங்கிச் சுவாமி அலமாரியில் வைத்தாள். உங்கள் வீட்டிலும் 1963 முதல் 1966 வரை கடையில் வாங்கிய நகை மாற்றுக் குறைவாக இருந்தால், வாங்கியவரையோ செய்தவரையோ சந்தேகிக்கும் முன் அந்த வருஷத்தைப் பாருங்கள்.

சட்டத்தால் தங்கத்தின் மேல் ஆசை குறையவில்லை. உள்நாட்டு விலை வெளிநாட்டு விலையைவிட அதிகமாக இருந்ததால் கள்ளக்கடத்தல் பெருகியது. துபாயிலிருந்து படகில் வந்த பத்துத் தோலா 'பிஸ்கட்' அந்தக் காலத்துச் சின்னம், எடை 116.64 கிராம். சாதாரண மனிதர் தங்கக் கட்டி வைத்திருப்பதே குற்றம் என்பதால் வாங்கியவர் ஏமாந்தால் புகார் கொடுக்க முடியாது. ரசீது இல்லாத வியாபாரத்தின் வேர் இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். 2017 ஜூலையில் தங்கத்துக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. "பில் வேண்டாம் சார், அந்த மூன்று சதவீதம் உங்களுக்கு மிச்சம்" என்று சொல்பவர், நம் புகார் உரிமையை அந்த மூன்று சதவீதத்துக்கு விலை பேசுகிறார்.

விலை ஏற்றத்தின் வெறி எப்படி முடியும் என்பதற்கு 1980 ஒரு பாடம். அமெரிக்காவில் ஹன்ட் சகோதரர்கள் உலக வெள்ளியைக் குவிக்கப் போக, 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் 6 டாலர் அளவில் இருந்தது 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியது. மார்ச் 27 அன்று 11 டாலருக்கும் கீழே விழுந்தது. தங்கம் அதே ஜனவரி 21-இல் 850 டாலரைத் தொட்டு இறங்கியது. மறுபடி அந்த விலையைக் காண 28 வருஷம் ஆயிற்று. உச்சத்தில் கடன் வாங்கி வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

1990-க்குப் பின் நம் கடைகளில் 'கே.டி.எம்.' என்ற எழுத்துகள் பரவின. அதை ஏதோ அரசாங்க முத்திரை என்று நினைத்தவர்கள் நம்மில் ஏராளம். காட்மியம் கலந்த பற்றவைப்புக்கு அது பெயர், அவ்வளவுதான். முன்னெல்லாம் நகையின் துண்டுகளை இணைக்கும் பொடியில் செம்பு அதிகம். அதனால் 22 காரட் நகையை உருக்கினால் மாற்றுக் குறையும். காட்மியம் 321 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்தால் மாற்றுக் குறையாமல் பற்றவைக்கலாம். யோசனை நல்லதுதான், ஆனால் அந்தப் புகை விஷம். பட்டறையில் குனிந்து உட்கார்ந்தவரின் நுரையீரலும் சிறுநீரகமும் அதற்கு விலை கொடுத்தன. ஹால்மார்க் விதிகள் காட்மியத்தை ஏற்பதில்லை. பழைய நகையில் கே.டி.எம். என்றிருந்தால் அது பற்றவைத்த முறையைச் சொல்கிறதே தவிர, நகை முழுவதும் 22 காரட் என்பதற்குச் சாட்சி ஆகாது.

ஆர்க்கிமிடிஸ் முறையில் நகையின் அடர்த்தியை அளக்கலாமே என்று கேட்பார்கள். சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3. 22 காரட் தங்கம், கலந்த உலோகத்தைப் பொறுத்து 17.6 முதல் 18 வரை வரும். செம்பு 8.96, ஈயம் 11.3 என்பதால் கௌடில்யரின் ஈயத் துண்டு இதில் உடனே பிடிபடும். ஆனால் டங்ஸ்டன் 19.25, தங்க முலாம் பூசிய டங்ஸ்டன் கட்டி தண்ணீரையும் ஏமாற்றும். இரிடியம் தங்கத்தைவிடவும் கனம். அந்தப் பொடியைத் தங்கத்தில் கலக்கும் மோசடியும் நம் நாட்டில் பிடிபட்டிருக்கிறது. கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ்ரே இயந்திரம் மேற்பரப்பில் ஒரு மயிரிழை ஆழம்தான் பார்க்கும். கனமான முலாமில் தவறிவிடும். கடைசித் தீர்ப்பு இன்றும் பழைய புடம் போடும் முறைதான். துணுக்கை ஈயத்தோடு உருக்கி, மட்ட உலோகங்களை நீக்கி, வெள்ளியை நைட்ரிக் திராவகத்தில் கரைத்து, மிஞ்சும் தங்கத்தை நிறுப்பது.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாமவர் முத்திரையிட வேண்டும் என்ற யோசனை இங்கிலாந்தில் 1300-இல் முதலாம் எட்வர்ட் சட்டத்தோடு தொடங்கியது. அந்தப் பொற்கொல்லர் சங்க மண்டபத்தில் இட்ட முத்திரை என்பதால்தான் 'ஹால்'மார்க். நம் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்கத்துக்கு இதை 2000-இல் கொண்டுவந்தது, வெள்ளிக்கு 2005-இல். இருபது வருஷத்துக்கு மேல் கடைக்காரர் விருப்பமாகவே இருந்து, 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமானது. எழுத்தும் எண்ணுமாக ஆறு இடங்கள் கொண்ட தனி அடையாளம் ஒவ்வொரு நகைக்கும் 2021 ஜூலையில் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாய ஹால்மார்க் உள்ள நகையை அது இல்லாமல் விற்கக் கூடாது.

இந்த ஆறு எழுத்தைக் கடையிலேயே பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் படித்து, அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்க்க வேண்டும். பேரனோ பேத்தியோ அரை நிமிஷத்தில் செய்து கொடுப்பார்கள். மாற்று எவ்வளவு, எந்தக் கடைக்காக, எந்த மையத்தில், எந்தத் தேதியில் முத்திரை இட்டார்கள் என்பதெல்லாம் வரும். நகையின் வகையும் வரும். கையில் சங்கிலி இருக்க, திரையில் மோதிரம் என்று வந்தால் எண் திருடப்பட்டது என்று அர்த்தம். ஹால்மார்க் நகையில் மாற்றுக் குறைந்தால், குறைந்த தொகையின் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்று 2018 விதிகள் சொல்கின்றன. ரசீது இல்லாவிட்டால் இதைக் கேட்க முடியாது.

முத்திரை காப்பாற்றாத இடமும் உண்டு. அது கணக்கு. 40 கிராம் நெக்லஸில் கல் 6 கிராம் என்று வையுங்கள். தங்கம் 34 கிராம்தான். 12 சதவீதச் சேதாரம் 34-க்குப் போட்டால் 4.08 கிராம், 40-க்குப் போட்டால் 4.80. விலை கிராமுக்குப் பல ஆயிரம் விற்கும்போது அந்த 0.72 கிராம் சின்ன விஷயமல்ல. கல்லையே தங்க விலைக்குப் போட்டால் இன்னும் 6 கிராம் போயிற்று. மொத்த எடை, கல் எடை, நிகர எடை, மாற்று, அன்றைய விலை, சேதாரம், செய்கூலி எல்லாம் ரசீதில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும்.

மாதச் சீட்டு பற்றியும் ஒரு வார்த்தை. 2014 கம்பெனி விதிகளின்படி, முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் தராவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும். பல கடைகள் 11 மாதத்தோடு நிறுத்துவது அதனால்தான். நம் தவணையை அன்றைய விலையில் கிராமாகப் பதிவு செய்துவிட்டு அந்தத் தங்கத்தை வாங்கி வைக்காத கடை, விலை தாறுமாறாக ஏறினால் தானே முழுகும். கட்டியவர்கள் வாசலில் நிற்பார்கள். பல ஊர்களில் இது நடந்திருக்கிறது. 24 மாதம், 36 மாதம் என்று யாராவது திட்டம் சொன்னால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

வெள்ளிக்கும் 2025 செப்டம்பர் 1 முதல் அந்த ஆறு இட அடையாளம் வந்திருக்கிறது. ஆனால் அப்போது அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே குத்துவிளக்கும் பஞ்சபாத்திரமும் வாங்கும்போது முத்திரையுள்ளதாகக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. இப்போதெல்லாம் சீமந்தத்துக்கும் உபநயனத்துக்கும் தாம்பூலப் பையில் வரும் 'ஜெர்மன் சில்வர்' கிண்ணத்தைச் சிலர் பத்திரமாக லாக்கரில் வைக்கிறார்கள். அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம்; அதில் வெள்ளி ஒரு குன்றிமணி அளவுகூடக் கிடையாது.