ஏற்காடும் ஆர்க்கன்சாவும்

சேலம் நகரை விட்டு இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு வந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் காக்பர்ன் இச்சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்த கதையைப் பலரும் அறிவர். தேர்தல் முறையைப் பயிலும் மாணவர்க்கும் இம்மலை ஒரு பாடம் வைத்திருக்கிறது.

2011-ஆம் ஆண்டில் ஏற்காடு தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் வென்ற திரு. பெருமாள், 2013 ஜூலையில் காலமானார். அவ்விடத்தை நிரப்ப அவ்வாண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இடைத்தேர்தல் நடைபெற்றது. மறைந்தவரின் துணைவியார் திருமதி சரோஜாவைக் கட்சித் தலைமை வேட்பாளராக அறிவித்தது. அவர் பெற்றவை 1,42,771 வாக்குகள், தி.மு.க. வேட்பாளர் திரு. மாறன் பெற்றவை 64,655.

இத்தொகுதி பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பெற்றது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுள் அத்தகையவை இதுவும் சேந்தமங்கலமுமாக இரண்டே. நிற்பவர் பழங்குடியினராதல் வேண்டும். வாக்களிப்போரோ தொகுதி மக்கள் அனைவரும். மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரோடு, வாழப்பாடி முதலிய சமவெளி ஊர்களின் மக்களும் இத்தொகுதி வாக்காளரே. (மலையாளி என்றதும் கேரளத்தாரை எண்ணற்க, இவர்கள் பேசுவது தமிழ்.) ஆகவே வெற்றியை மலைமக்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. அதற்கும் முன்னதாக, வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்தவர் யார்? கட்சித் தலைமை. எல்லாப் பெரிய கட்சிகளிலும் நம் நாட்டு வழக்கம் இதுவே.

அமெரிக்காவில் இதையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆர்க்கன்சா மாநிலத்தின் செனட்டர் தாடியஸ் கேரவே 1931 நவம்பரில் காலமானார். ஆளுநர் அவர் மனைவி ஹாட்டி கேரவேயைத் தற்காலிகமாக நியமித்தார். 1932 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் அவ்வம்மையார் வென்று, செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதற் பெண்மணியானார். கணவரின் எஞ்சிய காலம் முடிந்ததும் அவர் ஒதுங்கிவிடுவார் என்று கட்சிப் பெரியோர் கருதினர். அவரோ முழுப் பதவிக் காலத்துக்கும் போட்டியிடத் துணிந்தார்.

இங்கேதான் வேறுபாடு தோன்றுகிறது. அங்கே கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே முன்கூட்டித் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு இருந்தது. அதனை முதனிலைத் தேர்தல் என்பர். 1932 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் ஆடவர் அறுவரை எதிர்த்து நின்றார் கேரவே. அண்டை மாநிலமான லூசியானாவின் செனட்டர் ஹியூ லாங் அவரோடு ஊர் ஊராகச் சென்று பேசினார். அம்மையார் வென்றார். அம்மாநிலத்தில் அக்காலத்தே அக்கட்சியே மேலோங்கியிருந்தமையால், நவம்பர்த் தேர்தல் பெயரளவில் நடந்தது எனலாம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1944-ல், அதே முதனிலைத் தேர்தலில் தோற்று அவர் பதவி இழந்தார். புல்பிரைட் அவ்விடத்தைப் பெற்றார். ஏற்றியதும் இறக்கியதும் கட்சி வாக்காளரே.

இம்முறையை மட்டும் புகழ்ந்து நிறுத்துவது நேர்மையாகாது. அம்முதனிலைத் தேர்தல்களில் கறுப்பின மக்கள் வாக்களிக்கத் தென் மாநிலக் கட்சிகள் தடை விதித்திருந்தன. அது செல்லாதென உச்ச நீதிமன்றம் கூறியது 1944-ல்தான். அதன் பின்னும் வேறு தடைகள் பல்லாண்டு தொடர்ந்தன. நம் குடியரசின் முதற் பொதுத்தேர்தலோ 1951–52-லேயே வயது வந்த அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. மலையில் வாழ்வோர்க்கும் சமவெளியில் வாழ்வோர்க்கும் ஒரே மதிப்புடைய வாக்கு. ஆனால் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் படியில் அவ்வுரிமை நுழையவில்லை.

வென்ற பிறகும் இவ்வேறுபாடு தொடர்கிறது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சிக் கொறடாவின் ஆணையை மீறிச் சட்டமன்றத்தில் வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரலாம். அமெரிக்க செனட்டருக்கு அத்தகைய சட்டத் தடை இல்லை. அவரைத் தண்டிக்க விரும்புவோர் அடுத்த முதனிலைத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டும்.

ஏற்காடு இடைத்தேர்தலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதற்குச் சில வாரங்கள் முன்னர், 2013 செப்டம்பர் 27-ஆம் நாள், எவரையும் விரும்பாதோர் அதனை இரகசியமாகப் பதிவு செய்ய வாக்குப்பொறியில் வழி வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோட்டா எனப்படும் அப்பொத்தான் தமிழ்நாட்டில் முதன்முதலாக இம்மலைத் தொகுதியில்தான் இடம் பெற்றது. அன்று அதனை அழுத்தியவர் 4,431 பேர். அவ்வாக்குகள் எண்ணப்பெற்று முடிவோடு வெளியிடப்பெற்றன. வென்றவரை மாற்றும் வலிமையைச் சட்டம் அவற்றுக்கு வழங்கவில்லை.